பூரிக்கட்டையின் பருமன்

பிப்ரவரி 11
மாவுக்கட்டு போட்டு ஒன்பது நாட்கள் ஆகின்றன. இடக்கையால் எழுதுவதால் வரிகள் எல்லாம் சரிகின்றன.

பிப்ரவரி 14
உறக்கம் வராததால் மறுபடியும் பிரெஞ்சுப் பளுதூக்கும் வீரர் ஷார்ல் ரிகூலோவைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 82.5 கிலோ பிரிவில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 20. அன்று ஐந்து விதமாகத் தூக்க வேண்டியிருந்தது. அவற்றில் இரண்டு ஒற்றைக் கையால். ஒற்றைக் கை ஸ்னாட்சில் (தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல்) 87.5 கிலோ, ஒற்றைக் கை ஜெர்க்கில் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்) 92.5, இரு கை பிரெஸ்ஸில் (தோளிலிருந்து நிதானமாக அழுத்தி மேலே) 85, ஸ்னாட்சில் 102.5, ஜெர்க்கில் 135, ஆக மொத்தம் 502.5. இரு கைகளாலும் நிதானமாக அழுத்தி உயர்த்தியதைவிட, ஒரே கையால் வெடுக்கென்று பறித்தெடுத்தது இரண்டரைக் கிலோ கூடுதல் என்பதை நான்கு முறை கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன். என் ஒற்றைக் கைக்கு இன்று ஊறுகாய்ப் புட்டி திறக்கவில்லை.

பிப்ரவரி 17
விரல்கள் வீங்கியிருக்கின்றன. அக்காவிடம் வலியில்லை என்றேன்.

பிப்ரவரி 20
எக்ஸ்ரே எடுத்துவிட்டு வீட்டுக்கு வராமல், பீர் ஹகேம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நெலத்தோன் தெரு வரை நடந்தேன். ரிகூலோ வென்ற வெலோட்ரோம் திவேர் அரங்கம் அங்கேதான் இருந்தது, 1959இல் இடித்துவிட்டார்கள். 1942 ஜூலையில், பிரெஞ்சுக் காவலர்கள் பிடித்துவந்த யூதக் குடும்பங்களைக் குழந்தைகளோடு அடைத்துவைத்ததும் அதே கூரையின் கீழ்தான். 502.5 என்ற எண்ணை நினைத்துக்கொண்டு அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது.

பிப்ரவரி 23
ஆத்திரமாக வருகிறது. 1925இல் காசுக்குத் தூக்கத் தொடங்கியதால் ஒலிம்பிக் கதவு ரிகூலோவுக்கு மூடிக்கொண்டது. அதே எடைப் பிரிவில் பின்னால் வந்த லூயி ஓஸ்தேன் 1928இல் வெள்ளியும், 1932, 1936இல் தங்கமும் வாங்கினார். ரிகூலோவோ மல்யுத்தம் செய்தார், 1937இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் கார் ஓட்டினார். வயிற்றுப்பாட்டுக்காகத் தூக்குவது எந்த வகையில் இழிவு?

மார்ச் 3
1930இல் இதே நாளில், பாரிஸின் வாக்ராம் மண்டபத்தில் ரிகூலோ ‘அப்போலோன் சக்கரங்களை’த் தலைக்கு மேல் உயர்த்தினார். லூயி உனி என்ற பழைய பலசாலி, அப்போலோன் என்ற மேடைப் பெயரோடு வைத்திருந்த இருப்புப்பாதை வண்டிச் சக்கரங்கள் அவை, 166 கிலோ. எடையைவிட அச்சுதான் என்னை வதைக்கிறது. ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் பருமன். சாதாரணமான கையில் கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொடாது. சமையலறையில் பூரிக்கட்டையை அளந்தேன், ஏறக்குறைய அதே பருமன். இடக்கையால் பற்றினேன், கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி. சக்கரமும் அச்சும் சேர்ந்தே சுழலும் என்பதால், தோளுக்கு ஏற்றும்போது அந்த இடைவெளி வழியாகவே அத்தனையும் நழுவப் பார்க்கும்.

மார்ச் 5
நாளை கட்டைப் பிரிக்கிறார்கள்.

மார்ச் 6
மணிக்கட்டு வாழைத்தண்டுபோல் வெளுத்து மெலிந்திருக்கிறது. இயன்முறைப் பயிற்சியாளர் ஓர் உருளையை நீட்டி, பிடியுங்கள் என்றார். பருமன் என்ன என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பூரிக்கட்டையை மேசைமேல் வைத்திருக்கிறேன்.