சூடானால் மட்டும் கோளாறு: ஒரு கன்வேயர் ஓவனைச் சரிசெய்த கதை

பெல்ட்டில் உணவு நகர்ந்தபடியே வேகும் கன்வேயர் ஓவன் அது. செட் பாயின்ட், அதாவது எட்ட வேண்டிய வெப்பம், 260 டிகிரி. ஆன் செய்தவுடன் ஓவன் ஒழுங்காகத்தான் சூடாகும். 200-ஐத் தாண்டியதும் தயங்கும், கொஞ்சம் இறங்கும், தானாகவே மறுபடி ஏறும். 260 மட்டும் வரவே வராது. பிரேக்கர் விழவில்லை, பெல்ட் ஓடுகிறது, திரையில் எரர் கோடும் இல்லை. எனக்கு முன்னால் பார்த்தவர் வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிளையும் டெம்பரேச்சர் கன்ட்ரோலரையும் மாற்றிவிட்டுப் போயிருந்தார். கோளாறு அசையவில்லை.

நான் முதலில் எதையும் கழற்றவில்லை. ஓவனைச் சூடாக விட்டுவிட்டு, கன்ட்ரோலரின் அவுட்புட் விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். வெப்பம் இறங்கும்போதும் அந்த விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அதாவது கன்ட்ரோலர் சூடு கேட்கிறது, ஆனால் கிடைக்கவில்லை. பழைய கன்ட்ரோலர் மேல் பழி போட்டது வீண் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்து, வயரைச் சுற்றிப் பிடித்தே கரன்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர். ஃபேஸுக்கு ஒரு ஹீட்டர், ஒவ்வொன்றும் 230 வோல்ட்டில் 3 கிலோவாட். கணக்குப்படி 13 ஆம்பியர் வர வேண்டும். ஏறும் நேரத்தில் மூன்று ஃபேஸிலும் ஏறக்குறைய அதுவே வந்தது. இறங்கும் நேரத்தில் மூன்றிலும் பூஜ்யம். ஒரு ஹீட்டர் போயிருந்தால் ஒரு ஃபேஸில்தான் குறையும். மூன்றும் சேர்ந்து போனால், மூன்றுக்கும் மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் கான்டாக்டரே விட்டுவிடுகிறது என்று பொருள்.

கான்டாக்டரை இழுத்துப் பிடிக்கும் காயிலுக்கு மின்சாரம் போகும் வழி ஒரே வரிசை: ஹை லிமிட் (சூடு மிஞ்சினால் துண்டிக்கும் ஸ்விட்ச்), ஏர் பிரஷர் ஸ்விட்ச், கன்ட்ரோலர் அவுட்புட், பிறகு காயில். மீட்டரின் கறுப்பு முனையை நியூட்ரலில் வைத்துவிட்டு, சிவப்பு முனையை ஒவ்வொரு டெர்மினலாக நகர்த்தினேன். இது மின்சாரம் இருக்கும்போதே செய்ய வேண்டிய சோதனை. கையுறை இல்லாமல், அவசரத்தோடு, யாரும் இதில் இறங்க வேண்டாம். ஹை லிமிட்டுக்கு அப்புறம் 230 இருந்தது. ஏர் பிரஷர் ஸ்விட்சுக்கு அப்புறம் இல்லை. ஓவன் ஆறிய நிலையில் இதே சோதனையைச் செய்திருந்தால் எல்லா இடத்திலும் 230 காட்டியிருக்கும், ஒன்றுமே பிடிபட்டிருக்காது.

பக்கத்தில் நின்றவர், “அந்த ஸ்விட்சை ஒரு வயர் போட்டு நேராக இணைத்துவிடலாமே” என்றார். கூடவே கூடாது. ப்ளோயர் காற்றுத் தள்ளுகிறதா என்று பார்த்துச் சொல்லும் காவலாளி அது. காற்றோட்டம் இல்லாமல் ஹீட்டர் எரிந்தால் சிவந்து, உருகி, அதோடு போகாது.

ஸ்விட்சுக்குப் போகும் சிறிய குழாயைக் கழற்றி, அடைந்திருந்த பிசுக்கை எடுத்தேன். பெரிய மாற்றம் இல்லை. அப்படியானால் காற்றே குறைகிறது. சூட்டில் மட்டும் ஏன் குறைய வேண்டும்? 260 டிகிரிக் காற்றின் அடர்த்தி, அறை வெப்பக் காற்றின் அடர்த்தியில் பாதியைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அழுத்தம் அதற்கேற்பக் குறையும். ஸ்விட்சின் அளவை இதையும் கணக்கில் எடுத்துத்தான் வைத்திருப்பார்கள். ஆனால் விசிறியின் வேகமும் விழுந்திருந்தால், ஆறிய ஓவனில் பாஸ் ஆகும் அழுத்தம் சூட்டில் ஃபெயில் ஆகிவிடும். காற்று ஆறியதும் ஸ்விட்ச் மறுபடி சேரும். வெப்பம் ஏறி இறங்கிய புதிர் அங்கே அவிழ்ந்தது.

மெயின் ஐசொலேட்டரை அணைத்துப் பூட்டிவிட்டு, ப்ளோயர் மோட்டாரின் கெபாசிட்டரை ஒரு ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்து அளந்தேன். மேலே 10 மைக்ரோஃபாரட், 5 சதவீதம் கூடக்குறைய என்று அச்சிட்டிருந்தது. மீட்டர் 6.4 காட்டியது. கெபாசிட்டர் வலுவிழந்ததால் மோட்டாருக்குச் சுழற்றும் விசை (டார்க்) போதவில்லை. சூடு ஏற ஏற வைண்டிங்கின் ரெசிஸ்டன்ஸும் கூடி, வேகம் இன்னும் இறங்கியிருக்கிறது.

கெபாசிட்டர் ஏன் கெட்டது என்று தேடியது வீண்போகவில்லை. அது உட்கார்ந்திருந்த கன்ட்ரோல் பெட்டியின் கூலிங் ஃபேன் ஃபில்டரில் மாவும் எண்ணெயும் கலந்து ரொட்டிபோல ஒட்டியிருந்தது. உள்ளே புழுக்கம். அதைக் கழுவி மாட்டாமல் புது கெபாசிட்டர் மட்டும் போட்டால் அதுவும் வாடிவிடும். இரண்டையும் செய்தேன்.

பெட்டி திறந்திருந்ததால் கான்டாக்டரையும் பார்த்தேன். வயர் முனையில் அடிக்கும் உலோகக் கவ்வியான லக் ஒன்றின் இன்சுலேஷன் பழுப்பேறியிருந்தது. லோடு ஓடும்போது அந்த ஃபேஸில் உள்ளே வரும் டெர்மினலுக்கும் வெளியேறும் டெர்மினலுக்கும் இடையே 2 வோல்ட் விழுந்தது. நல்ல நிலையில் இருந்தால் மில்லிவோல்ட் கணக்கில்தான் இருக்கும். 13 ஆம்பியருக்கு அது 26 வாட் வெட்டிச் சூடு, அதுவும் ஏற்கெனவே புழுங்கும் பெட்டிக்குள். மறுபடி மின்சாரத்தை அணைத்து, வயரை நல்ல செம்பு வரை வெட்டி, புது லக் அடித்து இறுக்கினேன். அளந்தபோது 40 மில்லிவோல்ட்.

பிறகு மூடியை மாட்டி 260 வரை விட்டேன். ஏறியது, நின்றது, கன்ட்ரோலர் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. பெல்ட் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்ததைச் சொல்லி, அதை அடுத்த சர்வீஸில் மாற்றலாம் என்று எழுதிக் கொடுத்தேன்.