அல்ஹெசிராஸ்: பாக்கோவின் ஊர்

ஸ்பெயினின் தென்கோடியில் இருக்கும் அல்ஹெசிராஸுக்குப் பயணிகள் வருவதே பெரும்பாலும் அங்கிருந்து கிளம்பத்தான். மொராக்கோவுக்குக் கப்பல் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். மலகாவிலிருந்து என்னோடு பேருந்தில் வந்தவர்களும் இறங்கியதுமே பெட்டியை உருட்டிக்கொண்டு துறைமுகம் பக்கம் போய்விட்டார்கள். நான் வந்தது பாக்கோ தெ லூசியாவுக்காக. தென் ஸ்பெயினின் பாட்டும் நடனமும் கிதாரும் சேர்ந்த ஃபிளமெங்கோ இசையின் பெரிய கிதார் கலைஞர்.

ஊர் அழகு என்று சொல்ல மாட்டேன். கிரேன்கள், கன்டெய்னர் அடுக்குகள், வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் ஜிப்ரால்டர் பாறை. பாக்கோ 1947இல் இங்கே பிறந்தார். அம்மா லூசியா போர்த்துகீசியர். தெருவில் பாக்கோக்கள் நிறைய என்பதால் இவர் ‘லூசியா வீட்டுப் பாக்கோ’. அப்பா பகலில் துணி விற்பார், ராத்திரியில் கிதார் வாசித்து நாலு காசு பார்ப்பார். கையில் பணமில்லை, பையனின் படிப்பு பாதியில் நின்றது. அப்புறம் பொழுது விடிந்தால் கிதார்தான். பிறவி மேதை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த அப்பாவின் பிடிவாதம் யாருக்கும் நினைவிருப்பதில்லை.

பதின்ம வயதில் ஒரு நடனக் குழுவோடு அமெரிக்கா போனபோது, அங்கே குடியேறியிருந்த பெரிய கிதார் கலைஞர் சபீகாஸ் இவர் வாசிப்பைக் கேட்டுவிட்டு, உன் சொந்த இசையை வாசி என்றாராம். ஒரு இசையமைப்பாளர் உருவானது அந்தச் சொல்லில்தான் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் ஒரு சின்ன மதுக்கடையில் உள்ளூர்க்காரர் ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலி கிடைத்தது. வலது கை நகங்களில் பசை பூசிக் கெட்டியாக்கியிருந்தார். கட்டைவிரல் ஒன்றே மேலும் கீழுமாகத் தந்தியை உழுதது. நடுவில் மோதிர விரல் கிதாரின் முகத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தகட்டில் டொக்கென்று விழுந்தது. புலேரியா என்ற ஃபிளமெங்கோ தாள வகை. பன்னிரண்டு எண்ணிக்கை, அழுத்தம் 12, 3, 6, 8, 10இல் விழும். நானும் தொடையில் தட்டிப் பார்த்தேன். ஆறு வரைக்கும் சரி, எட்டில் கை தடுமாறியது.

இடைவேளையில் பேச்சு பாக்கோவிடம்தான் போனது. 1973இல் வந்த ‘என்த்ரே தோஸ் அகுவாஸ்’ என்ற அவருடைய ரும்பா மெட்டை இன்றைக்கும் கடைக்குக் கடை ஒலிக்கவிடுகிறார்கள். ஆனால் கிதார்க்காரர் காட்டியது, தான் உட்கார்ந்திருந்த மரப்பெட்டியை. பெருவின் கறுப்பின மக்களுடைய வாத்தியமான கஹோன். பாக்கோ 1977இல் லீமாவில் அதைக் கேட்டு, ஒன்றை விலைக்கு வாங்கி வந்தார். இப்போது அது இல்லாத ஃபிளமெங்கோ மேடையைப் பார்ப்பது அரிது.

1980இல் சான் பிரான்சிஸ்கோவில் கிதார் கலைஞர்கள் அல் டி மியோலா, ஜான் மெக்லாக்லினோடு பாக்கோ வாசித்த கச்சேரிதான் வெளியுலகில் அவரைக் கொண்டுசேர்த்தது. (நம் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு ‘சக்தி’ குழுவில் வாசித்தாரே, அதே மெக்லாக்லின்.) எனக்கு அதில் வேகம்தான் கேட்கிறது, பாக்கோ கொஞ்சம் குறைச்சல். ஸ்வரக்குறிப்பு பார்த்து வாசித்துப் பழகாத மனிதர், 1991இல் ஸ்பானிய இசையமைப்பாளர் ரோத்ரிகோ கிதாருக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதிய அரான்ஹுவெஸ் கான்செர்தோவை மேடையேற்றியதில் அதைவிடத் துணிச்சல் இருக்கிறது. அழகைவிடத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு வாசித்தார்.

2014இல் மெக்சிகோவில் இறந்தவரை இந்த ஊருக்குத்தான் கொண்டுவந்து புதைத்தார்கள். அவருடைய ஆல்பங்களில் எது உசத்தி என்று கடைக்காரரும் கிதார்க்காரரும் சண்டை போட ஆரம்பித்தார்கள். கடைக்காரர் 1976இன் ‘அல்மொராய்மா’ என்றார். நான் கிதார்க்காரர் கட்சி: 1987இன் ‘சிரோக்கோ’.