டெக்சாஸில் மனநல நர்ஸ் பிராக்டிஷனர் ஆவது: தேர்வை விடுங்கள், கையெழுத்துகளைப் பற்றிக் கேளுங்கள்

கடைசி இன்சூரன்ஸ் கம்பெனியும், தான் பணம் தரும் சிகிச்சையாளர் பட்டியலில் என்னைச் சேர்த்துவிட்டதாகப் போன வாரம் மெயில் வந்தது. அப்பாடா! மனநோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதும் நர்ஸ் பிராக்டிஷனராக வர நினைக்கும் நம் ஊர் நர்ஸுகள் என்னிடம் கேட்பதெல்லாம் தேர்வைப் பற்றித்தான். தேர்வுக்குப் படித்தால் போதும். அடுத்தவர் கையெழுத்துக்குக் காத்திருப்பதுதான் ஆளைத் தின்றுவிடுகிறது.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங், பிறகு அமெரிக்க நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வு, டெக்சாஸில் மனநல வார்டில் நைட் ஷிஃப்ட். அதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பித்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. இந்திய மதிப்பெண் பட்டியலை மறுபடி மதிப்பீடு செய்யச் சொன்னார்கள். வெளிநாட்டு நர்ஸுகளின் படிப்பைச் சரிபார்க்கும் சிஜிஎஃப்என்எஸ் அமைப்பில் முன்பே எல்லாம் முடித்தாயிற்றே என்றால், அது லைசென்ஸுக்கு, இது அட்மிஷனுக்கு என்று பதில். நான் படித்த கல்லூரிக்குத் தம்பி போனான். "இத்தனை வருஷம் கழிச்சு இப்ப எதுக்கு தம்பி இது?" என்று கேட்ட கிளார்க், சீல் வைப்பவர் லீவு என்று திருப்பி அனுப்பினார். அடுத்த முறை ஒட்டாத கவரைக் கையில் கொடுத்து, "நீங்களே கூரியர் பண்ணிடுங்க" என்றார். மதிப்பீட்டு நிறுவனம் அதை ஏற்கவில்லை. கல்லூரியிலிருந்து நேரே வரவேண்டும், ஒட்டிய இடத்தின் மேல் சீலும் கையெழுத்தும் இருக்கவேண்டும். அந்த செமஸ்டர் போனது போனதுதான். நீங்கள் ஆள் அனுப்பினால், நிறுவனத்தின் விதிமுறைப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் கொடுத்து அனுப்புங்கள். கிளார்க்கிடம் நிற்காமல் நேரே முதல்வர் அறைக்குப் போகச் சொல்லுங்கள்.

அடுத்த கூத்து, ப்ரிசெப்டர் தேடுவது, அதாவது கிளினிக்கல் பயிற்சியில் நம்மை மேற்பார்வையிடுபவரை. மனநல நர்ஸ் பிராக்டிஷனர் சான்றிதழுக்கு, அதைத் தரும் ஏஎன்சிசி அமைப்பு கேட்பது மேற்பார்வையில் குறைந்தது 500 மணி நேரக் கிளினிக்கல். பல்கலைக்கழகங்கள் அதற்கு மேலும் கேட்கும். இடம் பிடித்துத் தர உதவுவோம் என்று சேரும்போது சொன்னார்கள். உதவி என்று வந்தது ஒரு எக்ஸெல் பட்டியல். அதில் பாதி எண்கள் உபயோகத்திலேயே இல்லை. மணிக்கு இவ்வளவு டாலர் என்று ப்ரிசெப்டரை விற்கும் ஏஜென்சிகள் உண்டு. சம்பளமில்லாத வேலைக்கு நான் ஏன் பணம் கட்டவேண்டும் என்று வீம்பாக இருந்துவிட்டேன். ஒரு மனநல மருத்துவர் சரி என்றார். ஆனால் பல்கலைக்கழகத்துக்கும் கிளினிக்குக்கும் இடையிலான ஒப்பந்தம் வக்கீல்களின் மேசையிலேயே கிடந்தது. அது கையெழுத்தாகும் முன் செய்யும் மணிநேரம் எதுவும் கணக்கில் வராது. ப்ரிசெப்டர் 'யெஸ்' சொன்ன அன்றே அந்த ஒப்பந்தத்தைக் கிளப்பிவிடுங்கள்.

கடைசியில், எங்கள் வார்டுக்கு வந்து போகும் ஒரு நர்ஸ் பிராக்டிஷனர் அம்மா காரிடாரில் நின்றபடியே ஒப்புக்கொண்டார். மெயில் அனுப்பிக்கொண்டே இருந்தால் நடக்காது, தெரிந்த முகத்திடம் நேரில் கேளுங்கள்.

இன்று நான் நோயாளியைப் பார்க்கும் விதம் முழுக்க அவரிடம் கற்றதுதான். வீட்டில் இருக்கும் மாத்திரைப் பாட்டில் அத்தனையும் பையில் அள்ளிக்கொண்டு வரச் சொல்வார். மனச்சோர்வு என்று எழுதும் முன் தைராய்டு பரிசோதனை. மனச்சோர்வு மாத்திரை எழுதும் முன், "நாலைந்து நாள் சரியாகத் தூங்காமலே சோர்வில்லாமல் ஓடியாடிய காலம் உண்டா?" என்ற கேள்வி. உண்டென்றால் அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம், மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் ஆளை மேனியா என்னும் அதீத எழுச்சி நிலையில் தள்ளிவிடக்கூடும். நம் ஊர் அம்மாக்கள் வந்தால் கவலை என்று சொல்லவே மாட்டார்கள். நெஞ்சு படபடப்பு, உடம்பெல்லாம் எரிச்சல் என்பார்கள். அங்கிருந்துதான் பேச்சை எடுக்கவேண்டும்.

தேர்வு பாஸ். லைசென்ஸும் வந்தது.

வேலை கிடைத்த பிறகாவது விட்டதா? டெக்சாஸில் மருந்து எழுத ஒரு மருத்துவருடன் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும். நியூயார்க்கில் 3,600 மணி நேரம் முடித்தவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எந்த மாநிலம் என்பதை முதலிலேயே யோசியுங்கள். கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுதத் தேவையான டிஇஏ என்னும் மத்திய அரசுப் பதிவுக்கு மூன்று வருடத்துக்கு 888 டாலர் கட்டினேன். போதைப்பழக்கச் சிகிச்சை பற்றிய 8 மணி நேரப் பயிற்சி 2023 முதல் கட்டாயம், அதை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் புறநோயாளி கிளினிக்கில், பழக்கமாகிவிடும் அபாயத்தால் கடுமையாகக் கட்டுப்படுத்தப்படும் இரண்டாம் அட்டவணை மருந்துகளை நான் எழுத முடியாது. ஏடிஎச்டி என்னும் கவனக்குறைவுக் கோளாறுக்கான ஆடரால், ரிட்டலின் எல்லாம் அதில்தான் வருகின்றன. ஒருவர் ஒரு மணி நேரம் தன் கதை முழுக்கச் சொல்லிவிட்டு, அந்த மருந்துக்கு டாக்டரைப் பாருங்கள் என்று நான் சொன்னதும் முகம் தொங்கிப் போனார். இப்போது அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடச் சொல்லியிருக்கிறேன்.

இன்சூரன்ஸ் பதிவுதான் உச்சம். இன்சூரன்ஸ் கம்பெனிகள் நம் விவரங்களைப் பார்க்கும் சிஏக்யூஎச் தளத்தில் 120 நாளுக்கு ஒருமுறை விவரங்களை உறுதி செய்யவேண்டும், அதை நான் விடவில்லை. ஆனால் ஒரு கம்பெனி, கிளினிக்கின் பழைய முகவரிக்குக் கடிதம் போட்டுவிட்டு, பதிலில்லை என்று என் ஃபைலைச் சத்தமில்லாமல் மூடிவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். வாரம் ஒருமுறை போன் செய்யுங்கள். பேசியவர் பெயரையும் குறிப்பு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். மூடிய ஃபைலைத் திறக்க வைத்தது நான் எழுதி வைத்திருந்த அந்த எண்தான்.

இப்படிப் படிவங்களுக்குப் பின்னால் அலைந்ததாலோ என்னவோ, நோயாளிகளின் படிவம் என் மேசையில் தங்குவதே இல்லை. எஃப்எம்எல்ஏ என்னும் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டப்படி 12 வாரம் வரை சம்பளமில்லாத விடுப்பு உண்டு, அதற்கு நர்ஸ் பிராக்டிஷனர் கையெழுத்தும் செல்லும். மனம் உடைந்து வந்திருப்பவரை "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்ப எனக்கு மனசு வராது. அவர் எதிரிலேயே நிரப்பி, கையெழுத்துப் போட்டு, ஃபேக்ஸும் அனுப்பிவிடுகிறேன். இதனால் அடுத்த நோயாளி காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று ரிசப்ஷனில் புகார். அதை மட்டும் நான் மாற்றிக்கொள்வதாக இல்லை.