தமிழ் மேசை

2018 ஆகஸ்டில் நான் கொழும்புக்கு வந்தபோது சென்னையில் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: "உனக்கென்ன, அங்கேயும் தமிழ்தானே." விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. வெள்ளவத்தையில் வீடு. காலி வீதியில் இறங்கினால் புடவைக் கடை, இடியப்பம், மல்லிகைச் சரம். எந்த ஒழுங்கையில் நடந்தாலும் முடிவில் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். பக்கத்திலேயே 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம். முதல் மாதத்திலேயே ஊர் பழகிவிட்டது என்று நம்பினேன். என் தொழில் மக்கள் தொடர்பு. சென்னையில் பதினோரு வருடம் நிறுவனங்களுக்காகச் செய்தி அறிக்கை எழுதியவள். அதே வேலை, அதே மொழி, சிரமம் என்ன வரப்போகிறது என்றுதான் இருந்தேன்.

இரண்டாவது மாதம் ஒரு நிறுவனம் சில குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தது. தமிழ் அறிக்கையை நானே எழுதினேன். அதில் "புதிய குடியேற்றம்" என்று ஒரு சொல். அனுப்பி அரை மணி நேரத்தில் ஒரு தமிழ் நாளிதழின் ஆசிரியர் குழுவிலிருந்து ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்தார்.

"பிள்ளை, நீங்கள் இந்தியாவோ?"

"ஆமாம் ஐயா."

"அதுதான் கேட்டனான். குடியேற்றம் எண்ட சொல் இஞ்ச வேற கதை. வீட்டுத்திட்டம் எண்டு போடுங்கோ. நான் மாத்திப் போடுறன், ஆனா இனி எழுதேக்க கவனம்."

என்ன கதை என்று கேட்டேன். அரசு நிலம் ஒதுக்கி வேறு பகுதி மக்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய திட்டங்கள், அதனால் கிழக்கிலும் வடக்கிலும் பல பத்தாண்டுகளாக நீளும் வழக்குகள், பகைகள், இழப்புகள் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். எனக்கு அது அகராதியில் கிடக்கும் ஒரு சொல். அவருடைய வாசகருக்கு அது காயம். கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒருவர் கருணையோடு அழைத்துச் சொன்னதால் தப்பித்தேன். இல்லாவிட்டால் வீடு பெற்ற குடும்பங்களின் படத்துக்குக் கீழேயே அந்தச் சொல் அச்சாகியிருக்கும்.

போனை வைப்பதற்கு முன் அவர் இன்னொன்றும் சொன்னார். "உங்கட தொழில்காரருக்கு ஒரு சங்கம் இருக்குத்தானே. அங்க போய் நாலு பேரோட கதையுங்கோ."

அப்படித்தான் அந்தச் சங்கத்துக்குப் போனேன். மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை, கொள்ளுப்பிட்டியில் ஒரு சிறிய மண்டபம். 100ஆம் இலக்க பஸ்ஸில் போய் இறங்கி நடந்தால் ஐந்து நிமிடம். வங்கியில் வேலை செய்பவர்கள், மருத்துவமனைகளின் ஊடகத் தொடர்பாளர்கள், அரசுத் திணைக்கள உத்தியோகத்தர்கள், தொண்டு நிறுவனக்காரர்கள், பல்கலைக்கழக மாணவர்கள் என்று நாற்பது பேர் இருப்பார்கள். மேடையில் ஆங்கிலம். தேநீர் வேளையில் சிங்களம். ஓரமாக இரண்டு மூன்று பேர் தமிழ். பிளேன்டீயும் ரோல்ஸும் கையில் வந்ததும் ஒரு சிங்களப் பெரியவர் என்னைப் பார்த்து "நங்கி, எந்த ஊர்?" என்று கேட்டார். நங்கி என்றால் தங்கை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிடம் ஆனது. அதன்பின் இன்றுவரை நான் அவருக்கு நங்கிதான்.

வெளிநாட்டவர் என்பதால் இணை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு உறுப்பினர் முன்மொழிய வேண்டும், ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும், வாக்குரிமை கிடையாது. சேரும்போது எனக்கு அதில் பெரிய எதிர்பார்ப்பு இல்லை. தொழில்முறை அறிமுகம் கிடைக்கும், சரி என்று நினைத்தேன். ஆனால் புது நாட்டில் ஒருவருக்கு உண்மையிலேயே வேண்டியது என்ன என்று அந்த மண்டபத்தில்தான் தெரிந்தது. பௌர்ணமி தோறும் வரும் போயா விடுமுறை ஒரு சின்ன உதாரணம். நான் போட்டிருந்த முதல் ஊடக மாநாட்டுத் தேதி ஒரு போயா நாளில் விழுந்திருந்தது. சங்கத்தில் ஒரு தோழி நாட்காட்டியைப் பார்த்து உடனே கண்டுபிடித்தாள். மண்டபத்தையும் மதிய உணவையும் ஏற்பாடு செய்துவிட்டு, வெறும் நாற்காலிகளோடு நான் உட்கார்ந்திருக்க வேண்டியது. சென்னையில் இதை யாரும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது.

சங்கத்தின் பத்திரிகை அலுவலகச் சுற்றுப்பயணங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். 1930இல் தொடங்கிய வீரகேசரி, 1932இல் வந்த தினகரன் என்று இங்கே தமிழ் நாளிதழ்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. வானொலியைச் சொல்லவே வேண்டாம். கொழும்பில் 1925 டிசம்பரிலேயே ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. என் அம்மா தஞ்சாவூரில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர். ஒரு செய்தி அறையில் போய் நின்று, அறிக்கை எந்த மேசைக்கு வருகிறது, யார் அதைச் சுருக்குகிறார், ஞாயிறு பக்கங்கள் எவ்வளவு முன்கூட்டியே மூடப்படுகின்றன என்று கண்ணால் பார்த்த பிறகு, நான் அறிக்கை எழுதும் விதமே மாறியது. முதல் பத்தியிலேயே விஷயம், இடப்பெயர் தமிழ் எழுத்தில் சரியாக, ஆளின் பதவி இங்கே வழங்கும் சொல்லில்.

2019 ஏப்ரல் 21 பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இந்தியாவில் அந்த நாளைத் தேசிய மக்கள் தொடர்பு தினமாகக் கொண்டாடுகிறோம். 1968இல் அதே தேதியில் தில்லியில் முதல் அகில இந்திய மக்கள் தொடர்பு மாநாடு நடந்ததை நினைவுகூர்ந்து 1986 முதல் அது வழக்கம். அன்று காலை சென்னை நண்பர்களுக்கு வாழ்த்துச் செய்தி தட்டிக்கொண்டிருந்தேன். ஈஸ்டர் ஞாயிறு. ஒன்பது மணிக்குள் கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்த செய்தி வந்துவிட்டது. பிறகு ஹோட்டல்கள், நீர்கொழும்பு, மட்டக்களப்பு. 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வாழ்த்தை நான் அனுப்பவில்லை. இன்றுவரை அந்தத் தேதியில் நான் யாருக்கும் வாழ்த்து அனுப்புவதில்லை.

மாலையில் ஊரடங்கு. சமூக வலைத்தளங்களை முடக்கிவிட்டார்கள். சங்கத்தார் ஒருவருக்கொருவர் சாதாரணத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டோம். முதலில் "நீ பத்திரமா?" அப்புறம்தான் தொழில். மருத்துவமனையில் இருந்தவர்கள் உறுதியானதை மட்டும் சொன்னார்கள். நாங்கள் அதை எங்கள் நிறுவன ஊழியர்களுக்கு அவரவர் மொழியில் சொன்னோம். அந்தத் தேவாலயம் இருக்கும் கொட்டாஞ்சேனைப் பக்கம் குடும்பத்தைத் தேடிக்கொண்டிருந்த எங்கள் அலுவலகப் பையனுக்கு நான் தமிழில் வாசித்துக் காட்டிய இரண்டு வரி, நான் என் வாழ்க்கையில் எழுதிய எந்த அறிக்கையைவிடவும் முக்கியமானது. அவன் குடும்பம் பத்திரமாக இருந்தது.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் சங்கம் ஒரு நெருக்கடிக்காலப் பயிற்சி வைத்தது. ஒரு முழு சனிக்கிழமை. கற்பனைக் கதை இது: ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் அமோனியா கசிவு, சுற்றிலும் குடியிருப்புகள், அதில் பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். மாணவர்கள் ஊடகவியலாளர்களாகவும் அக்கம்பக்கத்தாராகவும் நடித்தார்கள். நாங்கள் நிறுவனத்தின் ஆட்கள். மூத்தவர் ஒருவர் தொடக்கத்தில் 1906ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னார். அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி அருகே பென்சில்வேனியா ரயில்வேயின் வண்டி விபத்துக்குள்ளானபோது, நிறுவனம் மூடிமறைக்க நினைக்க, ஐவி லீ என்பவர் நடந்ததை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். வதந்தி ஓடுவதற்கு முன் உண்மை ஓட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். இன்று ஊடக அறிக்கை என்று நாம் அனுப்பும் காகிதத்துக்கு அதுவே முன்னோடி என்று பலரும் சொல்வார்கள். அவர் பிறந்த ஜூலை 16தான் இப்போது உலக மக்கள் தொடர்பு தினமாகவும் இருக்கிறது.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். மணி பத்துக்குக் கசிவு. பத்து இருபதுக்கு ஆங்கில அறிக்கை தயார், பத்து முப்பதுக்குச் சிங்களம். தமிழ் என்னிடம் மொழிபெயர்ப்புக்கு வந்தபோது மணி பத்து ஐம்பது. நான் முடித்துக் கொடுத்தது பதினொன்று பத்துக்கு. கடைசியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசினோம். குடியிருப்புப் பெண்ணாக நடித்த மாணவி எழுந்தாள். ஹட்டனிலிருந்து படிக்க வந்தவள், மலையகத் தமிழ்ப் பெண். "ஜன்னலை மூடச் சொல்லி அடுத்த வீட்டு சிங்கள அக்காவுக்குப் பத்தரைக்குத் தெரிஞ்சிருச்சு. எங்களுக்கு நாப்பது நிமிஷம் கழிச்சுதான் தெரிஞ்சது. அந்த நாப்பது நிமிஷம் நாங்க அந்தக் காத்தைத்தான் சுவாசிச்சிருப்போம்" என்றாள்.

மண்டபத்தில் யாரும் பேசவில்லை. 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தில் தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி என்று எழுதியாகிவிட்டது. நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தமிழ் பேசுபவர். எங்கள் வேலைமுறையிலோ தமிழ் என்பது மாலை ஆறு மணிக்கு, மற்ற இரண்டும் முடிந்த பிறகு, மொழிபெயர்க்கக் கொடுக்கும் காகிதம். அந்தக் காகிதத்தைச் செய்து கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அன்று எனக்கு உறைத்தது அதுதான்.

என்னை நங்கி என்று அழைக்கும் அந்தப் பெரியவர்தான் தீர்வைச் சொன்னார். எந்த மொழியிலும் முதலில் அறிக்கை எழுத வேண்டாம். என்ன நடந்தது, எங்கே, யார் என்ன செய்ய வேண்டும், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு என்று எட்டு வரியில் ஒரு உண்மைக் குறிப்பு. பிறகு மூன்று மேசை. மூன்று பேரும் அந்தக் குறிப்பிலிருந்து ஒரே நேரத்தில் எழுத வேண்டும். மதியம் அதே கசிவை மறுபடியும் நடத்தினோம். தமிழ் மேசையில் நானும் அந்த ஹட்டன் மாணவியும். மூன்று அறிக்கைகளும் இருபத்தைந்து நிமிடத்தில் ஒன்றாக வெளியே போயின. அவள் எழுதிய முதல் வரி: "ஜன்னல், கதவை உடனே மூடுங்கள்." நான் எழுதியிருந்தால் "பொதுமக்கள் பாதுகாப்பு நடவடிக்கைகளை மேற்கொள்ளுமாறு" என்று தொடங்கியிருப்பேன்.

அன்றிலிருந்து என்னிடம் ஒரு குறிப்பேடு இருக்கிறது. நான் எழுதுவது ஒரு பக்கம், இங்கே வழங்குவது எதிர்ப்பக்கம். மேலாளர், முகாமையாளர். பயிலரங்கு, செயலமர்வு. பேரிடர், அனர்த்தம். கொசு, நுளம்பு. இதில் எது நல்ல தமிழ் என்ற பேச்சே எழக்கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். எல்லாம் நல்ல தமிழ்தான். படிக்கப்போகிறவர் வாயில் எது இருக்கிறதோ அதை எழுத வேண்டும். நுளம்பு என்ற சொல் எங்களுக்கு நேரடியாகவே உதவியது. 2017இல் இலங்கையில் 1,80,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்திருந்தது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அந்தப் பயம் திரும்ப வரும். சங்கத்தின் தன்னார்வக் குழு வீடு வீடாகக் கொடுக்க ஒரு துண்டுப் பிரசுரம் செய்தது. நன்னீர் தேங்கும் பூச்சாடித் தட்டு, பழைய டயர், யோகட் கோப்பை, கூரைப் பீலி ஆகிய நான்கும் படமாக. தமிழ்ப் பிரசுரத்தை நாங்கள் தமிழிலேயே எழுதினோம். அச்சுக்குப் போகும் முன் என் வீட்டுக்குக் கீழ்த்தளத்து அன்ரியிடம் வாசிக்கக் கொடுத்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடமாக வெள்ளவத்தையில் இருப்பவர். இரண்டு முறை வாசித்துவிட்டு எழுந்து போய்த் தன் பூச்சாடித் தட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். அதற்கு மேல் எனக்கு வேறு பாராட்டு வேண்டியிருக்கவில்லை.

புதிதாக இங்கே வரும் தொழில்காரர்கள் என்னிடம் கேட்கும்போது, முதல் மாதமே சங்கத்துக்குப் போங்கள் என்றுதான் சொல்கிறேன். வேலை வாய்ப்புகளும் அங்கே காதில் விழும். விளம்பரம் வருவதற்கு முன்பே யாருக்கு ஆள் தேவை என்று தேநீர் மேசையில் தெரிந்துவிடும். மாணவர்களுக்கு வழிகாட்டியாகப் பெயர் கொடுங்கள். இதை மட்டும் நான் வற்புறுத்திச் சொல்வேன். வழிகாட்டுவதாகப் போய், அவர்களிடம் நான் கற்றதுதான் அதிகம்.

அந்த ஹட்டன் பெண்ணுக்கு நான் ஒரு வருடம் வழிகாட்டியாக இருந்தேன். இப்போது அவள் கொழும்பில் ஒரு பெரிய நிறுவனத்தின் தொடர்பாடல் பிரிவில் வேலை செய்கிறாள். போன மாதம் இரவு எட்டு மணிக்கு அழைத்தாள். அவர்கள் தொழிற்சாலையில் சின்னத் தீ விபத்து, யாருக்கும் காயமில்லை.

"அக்கா, உண்மைக் குறிப்பை நான்தான் எழுதினேன். தமிழ்ல."

"சிங்கள மேசை என்ன செய்தது?"

"அவருக்குத் தமிழ் தெரியாது. நான் பக்கத்துல உக்காந்து வரி வரியா சொன்னேன், அவர் எழுதினார். மூணும் ஒண்ணாத்தான் போச்சு."

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். ஏழு பத்து என்றாள். தீப்பிடித்தது ஆறு ஐம்பதுக்கு.