மத்துறா வரலாறு வாய்மொழி: சுவிசும் யூத அகதிகளும் எண்டு தலைப்பு வந்தா

ரிசல்ட் வந்திட்டுது, வரலாறு வாய்மொழியில ஆறுக்கு அஞ்சரை. எழுத்தில வந்த மார்க்கை வெளியில சொல்லேலாது, அதைத் தூக்கிவிட்டது இந்த வாய்மொழிதான், அந்தச் சந்தோசம் ஆற முதல் எழுதிப்போடுறன். வேலைக்கும் போய்க்கொண்டு மத்துறா (கம்பஸ் போறதுக்கான சுவிஸ் சோதினை) செய்யிற எங்கட ஆக்களுக்குத்தான் இது. மார்க் எப்பிடிப் போடுவினம், பேப்பர் வாசிக்க எவ்வளவு நேரம் எண்டதெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுறன்.

எனக்கு விளக்கச் சொல்லி வந்த மூல ஆவணம் 1942 ஓகஸ்ட் 13 சுவிஸ் அரசாங்கத்தின்ர பொலிஸ் பிரிவு போட்ட சுற்றறிக்கை. களவா எல்லை தாண்டுற சிவில் ஆக்களைத் திருப்பி அனுப்பு, இனத்தைக் காரணமா வச்சு மட்டும் ஓடி வாறவை, யூதர் மாதிரி ஆக்கள், அரசியல் அகதி இல்லை எண்டு சொல்லுற அந்தப் பேப்பர். இதைக் கண்டவுடன எல்லாரும் ஒரே பாட்டுத்தான்: சின்ன நாடு, சுத்திவர ஹிட்லர், சாப்பாட்டுத் தட்டுப்பாடு, பயம். பிழையில்லை, ஆனா அதோட நிப்பாட்டினா நாலுக்கு மேல போகாது.

நான் செய்தது ஒண்டே ஒண்டு. ஒரு கொப்பித் தாளை நடுவில கோடு போட்டுப் பிரிச்சன். இடப்பக்கம் பேர்ணுக்கு, அதாவது சுவிஸ் அரசாங்கத்துக்கு, என்ன தெரிஞ்சது, வலப்பக்கம் பேர்ண் என்ன செய்தது, ரெண்டுக்கும் திகதி. இதை மட்டும் செய்யுங்கோ, வேற ஒண்டும் செய்யாட்டியும் பரவாயில்லை (உண்மையா, புத்தகத்தில அரைவாசி நான் திறக்கவே இல்லை).

1942 ஜூலை 30: வெளிநாட்டார் விசயத்தைப் பாக்கிற பொலிஸ் பிரிவுத் தலைவர் ஹைன்ரிக் ரோத்முண்டுக்குக் கீழ வேலை செய்த ரோபேர்ட் யெட்ஸ்லர் ஒரு அறிக்கை குடுக்கிறார். ஜேர்மன்காரர் யூதரை நாடு கடத்துற விதத்தைப் பற்றி வாற தகவல் எல்லாம் ஒண்டுக்கொண்டு ஒத்துப்போகுது, நம்பத்தக்கது, அவ்வளவு கோரமா இருக்கு, இனித் திருப்பி அனுப்புறதுக்குப் பொறுப்பேற்கிறது கஸ்டம் எண்டு அவரே எழுதுறார். இது இடப்பக்கம். ஓகஸ்ட் 4 வலப்பக்கம்: அரசாங்கம் அதே அறிக்கையைக் கையில வச்சுக்கொண்டே, இனிக் கூடத் திருப்பி அனுப்போணும், அந்த ஆக்களுக்குப் பாரதூரமான தீங்கு வந்தாலும் சரி எண்டு முடிவெடுக்குது. அந்தத் தீங்கு எண்டதுக்குப் பக்கத்தில பிரக்கெற்றுக்குள்ள உயிராபத்து எண்டும் போட்டிருக்கு. அதுக்குப் பிறகுதான் 13ஆம் திகதி. அப்ப தெரியாமச் செய்தவை எண்டு ஆரும் சொல்லேலுமோ? என்னட்ட எக்ஸ்பேர்ட் (வெளியில இருந்து வாற சோதனையாளர்) கேட்டதும் இதுதான், அவைக்குத் தெரியுமா தெரியாதா எண்டு. நான் ஓமோ இல்லையோ சொல்லேல்லை, மூண்டு திகதியையும் வரிசையாச் சொன்னன், பிரக்கெற்றையும் சொன்னன். அதுக்குப் பிறகு அந்த மனிசன் அந்தப் பக்கமே போகேல்லை.

ஒரு கவனம். ஓகஸ்ட் 8 ஜெனீவாவில இருந்து உலக யூத காங்கிரஸ் பிரதிநிதி கெர்ஹார்ட் ரீக்னர், நாசிகள் யூதரை முழுசா அழிக்கத் திட்டம் போடுகினம் எண்டு அனுப்பின தந்தியையும் கனபேர் இதுக்குள்ள சொருகுவினம். அது அமெரிக்க, பிரித்தானியத் தூதரகங்களூடா வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் போனது. பேர்ணுக்குத் தெரிஞ்சது எண்ட பக்கத்தில போடாதேங்கோ, பிடிச்சிடுவினம்.

மிச்சம் சுருக்கமா:

- ஜே முத்திரை (ஜேர்மன் யூதரின்ர பாஸ்போட்டில குத்தின J எழுத்து): ரோத்முண்ட் கண்டுபிடிச்சார் எண்டு சொல்லாதேங்கோ. அவர் கேட்டது எல்லா ஜேர்மன்காரருக்கும் விசா. 1938 செப்டம்பர் 29 பெர்லினில ஒப்பந்தம், ஒக்டோபர் 4 அரசாங்கம் ஏத்துக்கொண்டது. பழி அவர் தலையில விழுந்தது 1954இல ஒரு பத்திரிகை எழுதினதால. அதுக்காக அவரை நல்லவராக்கவும் வேண்டாம், 1942 சுற்றறிக்கை அவற்ற பிரிவுதான்.

- எண்ணிக்கை: எல்லையில திருப்பினது 24,000 சொச்சம் எண்டு வாற கணக்கு எல்லாரும் யூதர் இல்லை, ஒராளே ரெண்டுதரம் திருப்பப்பட்டிருக்கலாம், ஆராய்ச்சிக்காரர் இதில இப்பவும் அடிபடுகினம். யுத்த காலத்தில உள்ள எடுத்த யூதர் கிட்டத்தட்ட 21,000. ரெண்டையும் குழப்பாதேங்கோ.

- காசு: இதை ஒருத்தரும் சொல்லமாட்டினம், அதால சொல்லுங்கோ. யூத அகதிகளின்ர செலவை இஞ்ச இருந்த யூத சமூகம் பாக்கோணும் எண்டதுதான் ஏற்பாடு. அந்தச் சமூகமே மொத்தம் 18,000 பேர் அளவில.

- நீதி, பொலிஸ் அமைச்சர் எடுவார்ட் ஃபொன் ஸ்டைகர், 1942 ஓகஸ்ட் 30, சூரிச் எர்லிக்கோன், சுவிஸ் நிரம்பின சின்ன உயிர்காப்புப் படகு மாதிரி எண்ட பேச்சு. அதோட செப்டம்பரில ரோர்ஷாக் பள்ளிக்கூடப் பெட்டையள் திருப்பி அனுப்புறதை எதிர்த்து அரசாங்கத்துக்கு எழுதின கடிதத்தையும் சேருங்கோ, சனமெல்லாம் ஒரே பக்கம் நிக்கேல்லை எண்டு காட்டலாம்.

- 1944 ஜூலை 12: உயிராபத்து இருக்கிற எல்லாரையும் எடுக்கலாம் எண்டு மாத்தினது. எவ்வளவு பிந்தி எண்டதை அவையே யோசிக்கட்டும்.

- பவுல் குருனிங்கர்: ஒரு வசனம் போதும். சென்காலன் பொலிஸ் தலைவர், சட்டத்தை மீறி யூத அகதிகளை உள்ள விட்டவர், 1939இல வேலை போச்சு, 1972இல செத்தார், 1995இல தான் தீர்ப்பை மாத்தினவை. எங்கட வகுப்பில முக்கால்வாசி நேரம் இவரிலயே போச்சு, நல்ல மனிசன்தான், ஆனா ஒருத்தற்ற துணிவைச் சொல்லிச் சொல்லி நாட்டின்ர கொள்கையை மறைக்கிற மாதிரி எனக்குப் பட்டது.

குருனிங்கருக்குப் பதிலா ஜோசப் ஸ்பிரிங்கைப் படியுங்கோ. 1943 நவம்பரில 16 வயசுப் பெடியன், ஜூரா எல்லையில சுவிஸ் காவலர் அவரைத் திருப்பி அனுப்பேல்லை, நேரா ஜேர்மன்காரரின்ர கையில குடுத்தவை. அவுஷ்விற்ஸ் வதைமுகாம் போய்த் தப்பி வந்து வயசான காலத்தில சுவிஸ் மேல வழக்குப் போட்டார். 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்துபோட்டு, வழக்குச் செலவு எண்டு ஒரு லட்சம் பிராங் குடுத்தது. 1995இல அப்ப சுவிஸ் ஜனாதிபதியா இருந்த காஸ்பார் விலிகர் மன்னிப்புக் கேட்டாச்சு, 1999இல யுத்தகாலச் சுவிசை ஆராயப் போட்ட பேர்ஜியே குழுவின்ர அகதி அறிக்கையும் வந்தாச்சு, அதுக்குப் பிறகும் சட்டம் இப்பிடித்தான் நிண்டது. விலிகரையும் பேர்ஜியேயையும் தனியாப் பாடமாக்கிச் சொல்லுறதை விட இதோட சேத்துச் சொன்னா கேக்கிறவைக்கு உறைக்கும்.

கடைசியில இண்டைக்கு இதுக்கு என்ன சம்பந்தம் எண்டு கேப்பினம். உங்கட பேரைப் பாத்திட்டுத்தான் கேக்கினமோ எண்டு கோவம் வரும், வரட்டும். அப்பா எப்பிடி வந்தவர், எந்தக் காம்பில இருந்தவர் எண்டு துவங்காதேங்கோ, குரல் உடைஞ்சா நேரம் போயிடும். 1951 ஜெனீவா அகதிகள் சாசனம், 33ஆம் பிரிவு, உயிராபத்து உள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பக்கூடாது. அந்தப் பிரக்கெற்றையும் இதையும் பக்கத்தில பக்கத்தில வச்சுச் சொல்லிப்போட்டு நிப்பாட்டுங்கோ, மேல வேணுமெண்டா அவை கேக்கட்டும்.