கோபுரத்தடியில் ஒரு காலைப் பாடம்

எனக்குப் படிப்பித்த மாஸ்டர் இறந்து, அவரின் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்த செய்தி டொரண்டோவுக்கு வந்த அன்று, எனக்கு அவர் முகத்துக்கு முன்னால் ஞாபகம் வந்தது யாழ்ப்பாணம் மணிக்கூட்டுக் கோபுரம்.

1973, எட்டாம் வகுப்பு. முதற்பாடம் தொடங்கிவிட்டது. "கோபுரத்து மணிக்கூடு பிந்தி ஓடுது சேர், அதைப் பார்த்துத்தான் வந்தனான்" என்றேன். பச்சைப் பொய். மாஸ்டர் பிரம்பை எடுக்கவில்லை. "வாரும், போய்ப் பார்ப்பம்" என்று முழு வகுப்பையும் வீதிக்கு இறக்கினார். கோபுரத்தடியில் தன் கைமணிக்கூட்டைக் கழற்றி என்னிடம் தந்து, "ரெண்டையும் சத்தமாய் வாசியும்" என்றார். இரண்டும் ஒரே நேரம். வாசித்தேன். தெருவில் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். அந்த வெட்கம் இன்னும் காதில் சுடுகிறது.

பிறகு அங்கேயே பாடம் நடத்தினார். 1875இல் வேல்ஸ் இளவரசர் அல்பேர்ட் எட்வேர்ட் இலங்கைக்கு வந்தபோது, அவருக்குப் பரிசு கொடுக்க ஊரார் சேர்த்த பணத்தில் மிஞ்சியதைக் கொண்டு எழுந்த கோபுரம் அது. வரைந்தவர் அரசாங்கக் கட்டடக் கலைஞர் ஸ்மிதர். மணிக்கூடு ஆளுநர் லோங்டன் தந்தது. வேலை முடிந்தது 1882இல். அதோடு விடவில்லை. ஒரு பக்கம் ஆட ஒரு செக்கன் எடுக்கும் ஊசல் ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைவு, வெயிலில் கம்பி நீண்டால் மணிக்கூடு பிந்தும் என்று தரையில் கீறிக் காட்டினார். "மணிக்கூடு பிந்தினாலும் அதுக்கொரு காரணம் இருக்கும், தம்பி." நான் பொறியியல் படித்ததற்கு அந்தக் கீறல்தான் காரணம் என்று அவரிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

1981இல் பக்கத்திலிருந்த நூலகம் எரிந்தது. 1984இல் நான் வெளிக்கிட்டேன். போரில் கோபுரமும் சிதைந்தது. சமாதான காலத்தில் அதைத் திருத்தி, இளவரசர் சார்ள்ஸ் அன்பளித்த புது மணிக்கூடுகளைப் பூட்டியபோது மாஸ்டர் எழுதினார்: "எட்வேர்ட்டின் பேரனின் பேரன் தந்தது. ஓடுது. வாரும், ரெண்டு பேரும் போய் நேரம் பார்ப்பம்."

2010இல் ஒரு கல்யாணத்துக்காக நாலு நாள் போனேன். கோபுரத்தை வான் வண்டியின் கண்ணாடிக்குள்ளால்தான் பார்த்தேன். மாஸ்டரின் வீடு அங்கிருந்து பத்து நிமிடம். சாரதி "நிப்பாட்டவோ அண்ணை?" என்று கேட்டார். வேண்டாம், மண்டபத்துக்குப் பிந்திவிடும் என்றேன்.