அட்வென்ச்சர் பைக் வாங்குமுன் முன்சக்கரத்தைப் பாருங்கள்

வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அட்வென்ச்சர் பைக் தேவையே இல்லை. அது தார்ச்சாலை, எந்த 150 சிசி வண்டியும் ஏறும். அட்வென்ச்சர் பைக்கின் வேலை தார் முடிகிற இடத்தில்தான் ஆரம்பம். ஏரிக்கரை மண்பாதை, ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டாமல் கிடக்கும் ஊராட்சிச் சாலை, மலையில் எஸ்டேட் பக்கம் பிரியும் கப்பி ரோடு. நீங்கள் ஓட்டும் நூறு கிலோமீட்டரில் இப்படிப்பட்டது எத்தனை, அதில் மோசமான இடம் எவ்வளவு மோசம் என்று முதலில் கணக்குப் போடுங்கள். குதிரைத்திறன் எல்லாம் அதற்குப் பிறகு. (காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டியை விடுவது குற்றம். அதை ‘டிரெயில்’ கணக்கில் சேர்க்காதீர்கள்.)

ஷோரூமில் வண்டியைச் சுற்றி வரும்போது முதலில் முன்சக்கரத்தைப் பாருங்கள். 21 அங்குலச் சக்கரம் கல்லிலோ பள்ளத்தின் விளிம்பிலோ மோதும்போது, அதைச் சரிவாக ஏறிக் கடக்கும். 17 அங்குலம் அதே கல்லில் முட்டி நிற்கப் பார்க்கும். 21-இல் டயரும் ஒல்லி, பெரும்பாலும் 90 மி.மீ. மணலில் மிதக்காமல் கிழித்துக்கொண்டு போகும். ஆனால் தாரில் வளைவுக்குள் சாய்க்க நேரம் எடுக்கும். அவசர பிரேக்கில் தரையைப் பிடிக்கும் பரப்பும் குறைவு. 19 அங்குலம் இரண்டுக்கும் நடுவில். நூற்றுக்குத் தொண்ணூறு தார் என்றால் 19 போதும் என்பதே என் கட்சி.

சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் அந்த ரகம். 249 சிசி, 26.5 பி.எஸ். திறன், 167 கிலோ, 19 அங்குல அலாய் முன்சக்கரம். நெடுஞ்சாலையில் நாள் முழுக்க 90-இல் சலிக்காமல் ஓடும். சஸ்பென்ஷன் டிராவல், அதாவது சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம், குறைவு, அதனால் பெரிய கல்லில் வேகம் காட்டினால் அடி வாங்கும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸை அணைக்க வழியில்லை என்பதுதான் உண்மையான குறை. சரளை இறக்கத்தில் பின்சக்கரம் வழுக்கும்போதெல்லாம் ஏபிஎஸ் பிரேக்கை விடுவித்துக்கொண்டே இருக்கும்; வண்டி நிற்காமல் இறங்கும். ஏபிஎஸ் இல்லாத பின்சக்கரம் பூட்டிக்கொண்டு மண்ணைக் கிளறி நிற்கும். இந்த வண்டியில் அப்படிப்பட்ட இறக்கத்துக்கு முதல் கியரும் இன்ஜின் பிரேக்கும்தான் வழி. கிளட்சைத் தொடவே கூடாது.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-இல் பின் ஏபிஎஸ்ஸை அணைக்கலாம். 452 சிசி, 40 பி.எஸ்., முன்னும் பின்னும் 200 மி.மீ. டிராவல், 17 லிட்டர் டேங்க், 21 அங்குல முன்சக்கரம். பின்னால் ஆள், இருபக்கமும் பை, 500 கிலோமீட்டர் ஒரே நாளில் என்பவர்களுக்கு இது. எடை 196 கிலோ. கிராஷ் கார்டும் பெட்டிகளும் மாட்டினால் இருநூறு சுலபமாகத் தாண்டும். கேடிஎம் 390 அட்வென்ச்சர் இதைவிடச் சுறுசுறுப்பு, எடையும் குறைவு. ஆனால் மெதுவாக, கீழ் ஆர்பிஎம்மில் கல்லின் மேல் ஊர்ந்து போவதற்கு ஹிமாலயனின் இன்ஜின்தான் நிதானம். தனியாக மண்பாதைக்குப் போகிறவர், வாரா வாரம் போகிறவர் என்றால் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி. சுமார் 160 கிலோ. நெடுஞ்சாலையில் 90-க்கு மேல் மூச்சு வாங்கும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. ஹிமாலயனுக்கும் 250 சிசி வண்டிக்கும் இடையே விலை வித்தியாசம் பெரிதாகத் தெரிய இதுவும் ஒரு காரணம்.

எடை ஏன் முக்கியம் என்பது வண்டி விழுந்த பிறகுதான் உறைக்கும். மண்ணில் விழாமல் ஓட்டுகிறவர் யாருமில்லை. தூக்கும் முறை இது: முதலில் இக்னிஷனை அணைத்து, கியரில் போடுங்கள், இல்லையென்றால் தூக்கும்போது உருளும். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை இப்போதே விரித்துவிடுங்கள், நிமிர்ந்து இடப்பக்கம் சாயும்போது தாங்கும். ஹேண்டில்பாரை விழுந்த பக்கமே முழுக்கத் திருப்புங்கள். சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையில் கிரிப், மறு கையில் பின்பக்கக் கம்பி. முதுகை வளைக்காமல் தொடையால் தள்ளி, சின்னச் சின்ன எட்டாகப் பின்னால் நடங்கள். சரிவில் சக்கரங்கள் மேட்டுப் பக்கம் இருந்தால் எவராலும் முடியாது. முதலில் வண்டியை இழுத்து, சக்கரங்கள் பள்ளத்துப் பக்கம் வரும்படி திருப்ப வேண்டும். நீங்கள் வாங்கப்போகும் வண்டியை இப்படித் தனியாகத் தூக்க முடியுமா என்று யோசியுங்கள். முடியாதென்றால் அது உங்களுக்குத் துணையோடு போகும் வண்டி.

சீட் உயரம் பற்றி நிறைய பயம். 825 மி.மீ. என்றதும் பின்வாங்காதீர்கள். சீட்டின் முன்பகுதி குறுகலாக இருந்தால் கால் நேராக இறங்கும், உட்கார்ந்ததும் சஸ்பென்ஷனும் கொஞ்சம் அமுங்கும். இரண்டு காலின் முன்பாதமும் தரையில் பட்டால் போதும். எட்டவில்லை என்றால் சீட் ஃபோமைச் செதுக்குங்கள். வண்டியைத் தாழ்த்தும் லோயரிங் லிங்க் மாட்டினால் பின்பக்கம் மட்டும் தாழும், கிரவுண்ட் கிளியரன்ஸ் போகும், ஸ்டீயரிங் மந்தமாகும். சைடு ஸ்டாண்ட் நீளமாகிவிடுவதால் வண்டி நெட்டுக்குத்தாக நின்று, காற்றடித்தாலே மறுபக்கம் சாயும்.

சக்கரம் கம்பி வைத்த ஸ்போக்கா, ஒரே வார்ப்பான அலாயா? அலாயில் ட்யூப்லெஸ் பஞ்சருக்குத் திரி செருகினால் பத்து நிமிட வேலை. ஆனால் கூர்மையான கல்லில் ரிம் விளிம்பு நசுங்கினால் காற்று நிற்காது. ஸ்போக் வளைந்து கொடுக்கும், ட்யூப் போட்ட ஸ்போக்கில் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும். 21 அங்குல ட்யூப் சின்ன ஊர்க் கடையில் கிடைப்பது அரிது, பையில் ஒன்று இருக்கட்டும். வழியில் மாட்டிக்கொண்டால் அதையே பின்சக்கரத்துக்குள்ளும் மடித்துத் திணித்து வீடு வரலாம். கூடவே டயர் லீவர் இரண்டு, காற்று பம்ப், ஆக்சில் ஸ்பேனர். ஹிமாலயனிலும் கேடிஎம்மிலும் ட்யூப்லெஸ் ஸ்போக் கிடைக்கிறது. கூடுதல் பணம் கொடுக்கத் தகுந்த ஒரே ஆப்ஷன் அதுதான். புது ஸ்போக் முதல் 1000 கிலோமீட்டரில் தளரும். ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள்: இறுக்கமானது ‘டிங்’ என்று ஒலிக்கும், தளர்ந்தது ‘டொக்’ என்னும்.

வண்டி வந்ததும் செலவில்லாத வேலை ஒன்று. சென்டர் ஸ்டாண்டிலோ இரண்டு பேர் தூக்கியோ பின்சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஆக்சிலிலிருந்து நேர் மேலே வால் பகுதியில் ஒரு டேப் ஒட்டி அளவெடுங்கள். ஹெல்மெட், ஜாக்கெட், பையோடு உட்கார்ந்து மறுபடி அளவெடுங்கள். 200 மி.மீ. டிராவலுக்கு வித்தியாசம் 60 முதல் 65 மி.மீ. இருக்கலாம். அதைவிட அதிகமாக அமுங்கினால் பிரிலோடை (பின் ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தை) ஏற்றுங்கள். இல்லாவிட்டால் முன்பக்கம் லேசாகி, கொண்டை ஊசியில் வண்டி வெளிப்பக்கம் இழுக்கும், இரவில் ஹெட்லைட் மரக்கிளையைக் காட்டும்.

மண்பாதைக்கு இறங்குமுன் வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள காற்றழுத்தத்தில் கால்பங்கு குறையுங்கள். ட்யூப் டயரென்றால் 18 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போகாதீர்கள். கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை விழும். தாருக்கு ஏறியதும் பழைய அளவுக்கு அடித்துவிட வேண்டும், அதனால்தான் பம்ப்.